மூலம் பார்க்கலாமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பல வருஷத்துப் பழக்கம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதற்கு அவரிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கும். பழமொழியைச் சொல்லிவிட்டால் அத்தோடு வழக்குத் தீர்ந்தது என்பது அவருடைய எண்ணம். நானும் பெரும்பாலும் மேல்முறையீடு செய்வதில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் அமெரிக்காவில் உள்ள ஒரு கல்லூரியின் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தோலிக்கப் பாதிரிமார் ஆரம்பித்த கல்லூரி. பொறுமையாக முழுவதையும் கேட்டார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது, தம்பி! அந்தப் பட்டியலில் கல்லூரி மூலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தூக்கமும் வரவில்லை. அவர் சொன்னது சரிதானா? நல்லது செய்துகொண்டிருக்கும் ஒரு ஸ்தாபனத்தின் பிறப்பைக் கிளறிப் பார்ப்பது நன்றி கெட்ட காரியமா, அல்லது கடமையா? அந்தக் கேள்வியை என்னாலான வரையில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாசகர்களும் சேர்ந்து யோசிக்கட்டும்.

அந்தக் கல்லூரி எனக்கு அறிமுகமானது ஒரு நாவலின் மூலம். எட்வர்ட் பி. ஜோன்ஸ் என்ற நீக்ரோ வம்சத்து அமெரிக்க எழுத்தாளர் 2003-இல் ‘தி நோன் வேர்ல்ட்’ என்று ஒரு நாவல் எழுதினார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடிமை முறை இருந்த காலத்து வர்ஜீனியாவில் நடக்கும் கதை. அதில் வரும் ஹென்றி டவுன்ஸெண்ட் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பர். அவரே பிறகு நிலமும் அடிமைகளும் வாங்கிச் சொந்தக்காரராகிறார். படித்து முடித்தபோது மனசு கனத்தது. இப்படி ஒரு கதையை எழுதத் துணிந்த மனிதர் எங்கே படித்தார், எப்படி வளர்ந்தார் என்று தேடினேன். கதை எழுதுகிறவனுக்கு இன்னொரு கதாசிரியனின் பிறப்பு வளர்ப்பில் உள்ள ஆசை, சமையல் தெரிந்தவளுக்கு அடுத்த வீட்டு அடுப்பங்கரையில் உள்ள ஆசை மாதிரி. ஜோன்ஸ் 1972-இல் பட்டம் பெற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்தில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரி. நம் மொழியில் சொன்னால் திருச்சிலுவைக் கல்லூரி.

பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. 1843-இல் பாஸ்டன் பிஷப் பெனடிக்ட் பென்விக் அதை ஸ்தாபித்தார். அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்தில் கத்தோலிக்கராக இருப்பது எளிய காரியமல்ல. பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுனில் கன்னிகாஸ்திரீகள் நடத்தி வந்த மடத்தையும் பள்ளிக்கூடத்தையும் 1834 ஆகஸ்டில் ஒரு கும்பல் தீ வைத்துக் கொளுத்திவிட்டது. பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் ஏழைகளின் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், பாஸ்டனிலோ எதிர்ப்பு. ஆகவே பிஷப் ஊரைவிட்டு விலகி, குன்றின்மேல் கட்டினார். கல்லூரியை நடத்தும் பொறுப்பை ஏசு சபைப் பாதிரிமாரிடம் ஒப்படைத்தார். 1849-இல் மாநிலச் சட்டசபையிடம் சாசனம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 1865-இல்தான் சாசனம் கிடைத்தது. அதுவரையில், அங்கே படித்த மாணவர்களுக்குத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் கல்லூரியின் பெயரால் பட்டம் வழங்கினார்கள்.

இதுவரையில் கதை நன்றாகவே இருக்கிறது. துரத்தப்பட்டவர்கள் குன்றேறிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். எரித்தவர்களுக்குப் படிப்பால் பதில் சொன்னார்கள். மேடைப் பேச்சுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் முதல் தலைவர் யார் என்று கேட்டால் கதை மாறுகிறது.

அவர் பெயர் தாமஸ் மல்லெடி. ஏசு சபைப் பாதிரியார். ஹோலி கிராஸுக்கு வருவதற்கு முன் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் தலைவராக இருந்தவர்; பிறகு மேரிலாந்து மாகாணத்து ஏசு சபைக்கே தலைவர். அந்தச் சபைக்கு மேரிலாந்தில் பண்ணைகள் இருந்தன. பண்ணைகளில் அடிமைகள் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், பூசை கேட்டவர்கள், அதே பாதிரிமாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள். 1838-இல் மல்லெடி அவர்களில் 272 பேரை லூயிசியானாவைச் சேர்ந்த இரண்டு பண்ணை முதலாளிகளுக்கு விற்றார். விலை 1,15,000 டாலர். ஜார்ஜ்டவுன் கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. முதல் தவணையாக வந்த 25,000 டாலரில் சுமார் 17,000 டாலர் அந்தக் கல்லூரியின் கடனுக்குப் போயிற்று.

விற்பனைப் பத்திரத்தில் முதல் பெயர் ஐசக். வயது 65. கல்யாணத்துக்கு மொய் எழுதும் நோட்டில்கூட நாம் பெயரும் ஊரும் எழுதுகிறோம். இங்கே பெயரும் வயதும் எழுதியிருக்கிறது.

என் நண்பர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். “அந்தக் காலத்து நியாயம் வேறு. இன்றைய தராசில் அதை நிறுக்கலாமா?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் காலத்துத் தராசே இதை ஏற்கவில்லை. ரோமாபுரியில் இருந்த ஏசு சபையின் பெரிய தலைவர் ரூத்தான், விற்பனைக்குச் சம்மதம் கொடுத்தபோதே சில நிபந்தனைகள் போட்டார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. அவர்கள் தங்கள் மதத்தை அனுசரிக்க வழி இருக்க வேண்டும். வருகிற பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. நிபந்தனைகளை மீறியே காரியம் நடந்தது. மேரிலாந்துப் பாதிரிமாருக்குள்ளேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். விஷயம் வெளியானதும் மல்லெடி பதவியை விட்டு ஐரோப்பாவுக்குப் போக நேர்ந்தது. 1843-இல் திரும்பி வந்தார். வந்தவருக்குக் கிடைத்த வேலைதான் வூஸ்டர் குன்றின்மேல் புதுக் கல்லூரியின் தலைமை. ஆகவே, தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல முடியவில்லை.

அடுத்து நடந்ததைக் கற்பனையாக நான் எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் நடந்தது.

ஜார்ஜியா மாநிலத்தில் மைக்கேல் ஹீலி என்ற ஐரிஷ்காரர் பருத்திப் பண்ணை வைத்திருந்தார். அவருடைய அடிமைகளில் ஒருத்தி மேரி எலைஸா. அவளோடு அவர் மனைவியாகவே குடும்பம் நடத்தினார். பிள்ளைகள் பிறந்தன. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அங்கே சட்டம். தகப்பன் பிரியப்பட்டாலும் சுலபமாக விடுதலை கொடுக்க முடியாது. அங்கே படிக்க வைக்கவும் முடியாது. ஒரு பிரயாணத்தில் பாஸ்டன் பிஷப் பதவியின் வாரிசான பிட்ஸ்பாட்ரிக்கைச் சந்தித்தார். குன்றின்மேல் கல்லூரி இருக்கிறது என்று அவர் சொன்னார். 1844-இல் ஹீலியின் பையன்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அப்போதும் தலைவர் மல்லெடிதான்.

யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷத்துக்கு முன் 272 பேரை விற்ற மனிதர். அவர் எதிரே, ஜார்ஜியாச் சட்டப்படி அதே விலைப்பட்டியலில் ஏறக்கூடிய பையன்கள். அவர் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1849-இல் கல்லூரியின் முதல் வகுப்பு பட்டம் பெற்றபோது அதில் முதலாவதாக நின்றவன் ஜேம்ஸ் ஹீலி. பிற்காலத்தில், 1875-இல், மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்குப் பிஷப் ஆனார். அமெரிக்காவில் ஆப்பிரிக்க ரத்தமுள்ள முதல் கத்தோலிக்க பிஷப் அவர்தான். அவருடைய தம்பி பாட்ரிக் 1850-இல் பட்டம் பெற்று, ஏசு சபையில் சேர்ந்து, பெல்ஜியத்தில் மேல்படிப்புப் படித்து, 1870-களில் ஜார்ஜ்டவுனுக்குத் தலைவரானார். அந்தக் கல்லூரியை அவர் வளர்த்த விதத்தைப் பார்த்து அதன் ‘இரண்டாவது ஸ்தாபகர்’ என்றே சொல்கிறார்கள். அடிமைகளை விற்றுக் கடன் அடைத்த கல்லூரிக்கு, அடிமையாகப் பிறந்தவர் இரண்டாவது ஸ்தாபகர்!

“பார்த்தீர்களா! தர்மம் தானே வழி கண்டுபிடித்துக்கொண்டது. கங்கையில் சாக்கடை கலந்தால் சாக்கடையும் கங்கைதான்” என்றார் என் நண்பர்.

என்னையும் முதலில் அந்த எண்ணம்தான் ஆட்கொண்டது. ஆனால் இரவு படுக்கையில் அது கலைந்துவிட்டது. ஜேம்ஸ் ஹீலியின் பட்டத்தால் ஐசக்குக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. விலை கொடுத்தவர்கள் ஒரு கூட்டம், பொருளை வாங்கிக்கொண்டு போனவர்கள் வேறொரு கூட்டம். கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் முதுகொடிந்தவர்களிடம் போய், ‘கவலைப்படாதீர்கள், உங்கள் பணம் படிப்பாக மாறிவிட்டது’ என்று யார் சொல்ல முடியும்? தர்மம் வழி கண்டுபிடித்தது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இல்லை.

ஹீலி சகோதரர்களின் கதையும் முழுப் பொன்னல்ல. அவர்களைப் படிக்க வைத்த பணம் தகப்பனாரின் பண்ணையிலிருந்து வந்தது. பண்ணையில் உழைத்தவர்கள் அவர்கள் தாயைப் போன்ற அடிமைகள். பெரியவர்களான பிறகு, தாயின் வம்சத்தைப் பற்றிப் பேசுவதைச் சகோதரர்கள் தவிர்த்தார்கள், வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். கறுப்பராகத் தெரிந்தால் கதவு மூடிவிடும் என்ற காலத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூலத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதற்கு அவர்களும் சாட்சி. அதைக் கொடுத்தவள் அவர்களுடைய தாய்.

‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று அந்த நாட்டில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு லத்தீனில் என்ன பொருள்? சுதந்திர மனிதனுக்குரிய கலைகள். பண்டைய ரோமில் இலக்கணம், தர்க்கம், கணிதம் எல்லாம் அடிமையல்லாதவன் கற்க வேண்டிய வித்தைகள், கைத்தொழில் மற்றவர்களுக்கு. சொல்லிலேயே ஒரு வேலி இருக்கிறது. வேலியைப் பிடுங்கி எறிந்து, யார் கற்றாலும் அவன் சுதந்திர மனிதனாவான் என்று அர்த்தத்தைத் திருப்பிப் போட்டால்தான் அந்தக் கல்விக்கு இன்று நியாயம் உண்டு. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, ஹோலி கிராஸில் இருந்த பாதிரியார் ஜான் ப்ரூக்ஸ் அதைத்தான் செய்யப் பார்த்தார். ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே படித்த கல்லூரிக்குக் கறுப்பு மாணவர்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த ஏழைப் பையன்களில் ஒருவர்தான் நான் மேலே சொன்ன நாவலாசிரியர் ஜோன்ஸ். பிற்காலத்தில் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸும் அப்போது வந்தவர்தான். 1972-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது.

அந்தக் கல்லூரி தன் நோக்கத்தைப் பற்றி எழுதி வைத்திருப்பதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. நாங்கள் இதைச் சாதிப்போம், அதைச் சாதிப்போம் என்பதோடு நிற்காமல் சில கேள்விகளையும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் நாம் பட்டுள்ள கடமை என்ன? உலகத்தின் ஏழைகளுக்கும் வலுவற்றவர்களுக்கும் நமது தனிப் பொறுப்பு என்ன? இப்படிப் போகின்றன அந்தக் கேள்விகள். எழுதி வைப்பது சுலபம். ஆனால் ஒரு நாள் மாணவர்கள் அதே கேள்விகளைக் கட்டடத்தின் பெயரைப் பார்த்துக் கேட்டார்கள். ஹோலி கிராஸில் மல்லெடியின் பெயரால் ஒரு விடுதி இருந்தது. விசாரித்து அறிக்கை எழுத ஒரு குழு போட்டார்கள். 2016-இல் முதற்படியாக, ப்ரூக்ஸின் பெயரையும் அதனோடு சேர்த்து வைத்தார்கள்.

ஜார்ஜ்டவுனில் விவகாரம் இன்னும் தூரம் போயிற்று. 2015-இல் மாணவர்கள் தலைவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். 2017-இல் மல்லெடி பெயரிலிருந்த கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பத்திரத்தில் முதலில் எழுதியிருந்த அந்த 65 வயதுக் கிழவரின் பெயர். விற்கப்பட்டவர்களின் சந்ததியார் முன்னிலையில் ஏசு சபை மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மாணவர்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தலைக்கு 27 டாலர் 20 சென்ட் கட்டி, சந்ததியாருக்காக ஒரு நிதி சேர்க்கலாமா என்று. 272 பேரை நினைவூட்டும் தொகை. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ‘சரி’ என்றார்கள். பிறகு நிர்வாகம் மாணவர் கட்டணத்துக்குப் பதிலாகத் தானே நிதி திரட்டுவதாக அறிவித்தது. 2021-இல் அமெரிக்க ஏசு சபையினர் 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தார்கள்.

என் நண்பருக்கு இதுதான் புரியவில்லை. “நேற்றுச் சேர்ந்த பையன் எதற்குக் கட்ட வேண்டும்? அவனா விற்றான்? பாட்டன் செய்த பாவம் பேரனைச் சேருமா?” என்றார்.

அங்கேதான் நம்முடைய சிந்தனை தடுக்கி விழுகிறது என்று நினைக்கிறேன். பாவம் வேறு, கடன் வேறு. பாவம் செய்தவனோடு போகும். கடன் அப்படியல்ல. சொத்துக்கு வாரிசு என்று கையெழுத்துப் போட்டால் கடனுக்கும் வாரிசு என்பது நம் ஊரில் படிக்காத கிழவிக்கும் தெரிந்த சட்டம். தகப்பன் வைத்த கடனை மகன் தீர்க்கும்போது, மகன் குற்றவாளி என்று யாரும் சொல்வதில்லை, மானஸ்தன் என்கிறோம். அந்த மாணவன் ஐசக்கை விற்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஐசக்கை விற்றதால் மூழ்காமல் நின்ற கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கிறான். நிழலை ஏற்றுக்கொண்டவன், மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மற்றவையெல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம்தான் படித்தேன். அந்த இரண்டு வருஷமும் பணம் கட்டியவர் என் பெரியப்பா. வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர். எங்கள் ஊரில் மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்த ஒருவர் பெண் கல்யாணத்துக்காக அவரிடம் கடன் வாங்கினார். வட்டி குட்டி போட்டது. முக்கால் ஏக்கர் நஞ்சை பெரியப்பாவின் பெயருக்குக் கிரயமாயிற்று. அந்த வருஷம்தான் எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டினார். வண்டிக்காரரின் மகன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்த வருஷம் அவன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். பஸ் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அப்போது விஷயம் தெரியும். தெரியாத மாதிரி நானும் சிரித்தேன்.

பெரியப்பா என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தவர். என் முதல் கதை அச்சில் வந்தபோது தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவர். அவருக்கு நான் பட்ட நன்றி பொய்யில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அந்த நன்றியைக் கொண்டு நான் இன்னொரு கணக்கை மூடி வைத்திருந்தேன் என்பதும் பொய்யில்லை. நதிமூலம் பார்க்கக் கூடாது என்ற பழமொழி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது!

நதிக்கும் ரிஷிக்கும் அந்தப் பழமொழி பொருந்தலாம். நதி யாரிடமும் கடன் வாங்கிப் புறப்படவில்லை. ரிஷியின் தபசு அவருடைய சொந்தச் சம்பாத்தியம். கல்லூரி அப்படியல்ல; அது மனிதர்களின் பணத்தில் நிற்பது. மேலும், மூலத்தைத் தேடிப் போ, ஆதாரம் என்ன என்று கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் தொழில். எல்லாவற்றையும் விசாரி, என்னை மட்டும் விசாரிக்காதே என்று சொல்கிற கல்லூரி, தான் கற்பித்த பாடத்தைத் தானே அழித்துவிடுகிறது. அந்தப் பாதிரிமாரின் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் பாதிரிமாரையே கேள்வி கேட்டார்கள் என்றால், அது அந்தக் கல்விக்குக் கிடைத்த தோல்வி அல்ல. இத்தனை ஆண்டுகளில் அது பெற்ற நல்ல மார்க்கு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் மாலை இதையெல்லாம் என் நண்பரிடம் சொன்னேன். பெரியப்பா விஷயத்தையும் சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பழமொழி எதுவும் வரவில்லை. பிறகு, “அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான், தம்பி?” என்று கேட்டார்.

“திருப்பூரில்தான் என்று கேள்வி, சார்.”

“நீங்கள் விசாரித்தீர்களா?”

“இல்லை” என்றேன்.

இன்னும் விசாரிக்கவில்லை. ஊரில் அவனுடைய அக்கா இருக்கிறாள். அவளிடம் விலாசம் இருக்கும். அவனைப் பார்த்து என்ன சொல்வது, என்ன கொடுப்பது, அவன் வாங்கிக்கொள்வானா என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.